சும்மா டியூப்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் போய்விட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நினைப்பு வரும். பூஜை முடிந்து மிச்சப் பொரியை டப்பாவில் கொட்டி மூடும்போது, அந்த நினைப்பையும் சேர்த்து மூடிவிடுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். டி.என்.ஏ. பற்றி நான் எழுதினால் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் உண்டு. எழுதினால் சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம். எழுதாமல் விட்டாலோ, ஒரு நல்ல பெண்ணைத் தப்பாகப் பேசுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொண்டது போல ஆகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை காலம் நின்றேன்.

போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டில், நம் லேப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தது. "ஏங்க்கா, நீங்கதான அந்த டி.என்.ஏ. ரூம்புல இருந்தீக? பூசைக்குக் கட்டுன வாழைய ஒரு மேடம் பிடுங்கி எறிஞ்சாகளாம்ல? சாமி கோவிச்சு மெசினே ஓடலையாம்ல?" என்று கேட்டது. அது வெகுளியாகத்தான் கேட்டது. எனக்குத்தான் அதை அப்படியே விட மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மனுக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அக்கா எழுதியது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாழை லேப்பில் நான் முதலில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தேன். பாட்டிலுக்குள் வாழை வளர்கிறது என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரரே, "பாட்டில்ல தார் வந்தா எனக்கு ஒரு சீப்பு கொண்டா" என்று கேலி செய்தார். நல்ல தாய்மரத்தின் பக்கக்கன்றை எடுத்து, அதன் குருத்துக்குள் இருக்கிற துளியை வெட்டிப் பாட்டிலில் வைத்து, ஒன்றைப் பலவாகப் பெருக்குகிற வேலை நம்முடையது என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையும் தாயின் அச்சு. நம் தொழிலின் பெருமையும் அதுதான், பயமும் அதுதான். தாய்க்கு முடிக்கொத்து நோய் இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அது போய்விடும். இலையெல்லாம் உச்சியில் சுருங்கிக் கொத்தாக நிற்கும், தார் தள்ளாது. அசுவினிப் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போகும். பாட்டிலுக்குள் விரல் நீளம் இருக்கிறபோது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் டி.என்.ஏ. ரூம் வந்தது. அங்கே இலை அரைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைப் போட்டார்கள்.

அந்த ரூமுக்குப் பொறுப்பாக வந்தவள் உத்தமபாளையத்துப் பெண். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. தலையைச் சுற்றிய முக்காட்டுக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவாள். பேர் எழுத அவள் சம்மதிக்க மாட்டாள், அதனால் எழுதவில்லை. எல்லோருக்கும் மேடம். எனக்கு என் மூத்த மகள் வயசு என்பதால், மற்றவர்கள் இல்லாதபோது பாப்பா என்பேன். அவள்தான் எனக்கு வாத்தியார்.

அந்த ரூமுக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. தினமும் காலையில் என் தலைப்பூவை எடுத்து வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் அவளிடம் கேட்டேன்.

"ஏம் பாப்பா, இம்புட்டு நாளா அரைக்கிறேன், கரைக்கிறேன். உள்ளுக்க இருக்கிற அந்த டி.என்.ஏ. என்னாதான் அது?"

"அந்தப் பூவத் தாங்கக்கா, காட்டுறேன்."

நான் கட்டிய கதம்பம் அது. அவள் அதை மேசையில் நீளமாக வைத்தாள். "நீங்க எப்படிக் கட்டுவீக? எதிரும் புதிருமா ரெண்டு ரெண்டு பூவு வச்சு நார்ல முடிவீகல்ல? அதே மாதிரித்தாங்கக்கா. ஆனா இங்கன நாலே நாலு பூவு. மல்லிக்கு எதுக்கால கனகாம்பரந்தான் வரும். மரிக்கொழுந்துக்கு எதுக்கால சம்பங்கிதான் வரும். மாத்தி வராது. இப்பப் பாதியக் கிழிச்சு ஒரு பக்கத்த மட்டும் உங்ககிட்டக் குடுத்தா, மறுபக்கம் என்ன இருந்துச்சுன்னு சொல்லிருவீகல்ல?"

"மல்லி இருந்தா கனகாம்பரம். சொல்லிருவேன்."

"அம்புட்டுத்தான். நம்ம மெசினு சூடு பண்ணிச் சரத்த ரெண்டாக் கிழிக்கும். ஆறவிட்டு ஒவ்வொரு பாதிக்கும் ஜோடி சேக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நோயோட சரத்துல ஒரே ஒரு துண்டு உள்ள கிடந்தாலும் கடைசில ஒரு கூடை ஆயிரும். அப்பத்தான் அத எடுக்கிற கருப்புப் படத்துல, அந்த டியூப்புக்கு நேரா வெள்ளையா ஒரு கோடு விழும்." பிறகு பூவைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னாள்: "அதனாலதாங்கக்கா எனக்குப் பயம். நோய்த் துண்டு இலைக்குள்ள இருந்து வந்துச்சா, நம்ம கையில இருந்து வந்துச்சான்னு மெசினுக்குத் தெரியாது. ரெண்டையும் பெருக்கிக் காட்டிரும்."

இந்தப் பயத்துக்காகத்தான் அவள் ஒவ்வொரு முறையும் ஒரு டியூப்பில் இலையே போடாமல் வெறும் தண்ணீர் வைப்பாள். இலை போகிற வழியெல்லாம் அந்தத் தண்ணீரும் போகும். அதே கிண்ணம், அதே மருந்து, அதே மெசின். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. முதல்தடவை, "இதுல என்னா எழுதட்டும்?" என்று கேட்டேன். "அதுல ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்றாள். நானும் மூடியின் மேல் 'சும்மா' என்றே எழுதிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அதற்கு அதுவே பேராகிவிட்டது. படம் வந்ததும் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால், "சும்மா சும்மா இருக்காக்கா?" என்று கேட்பாள். "சும்மா சும்மாத்தான் இருக்கு பாப்பா" என்பேன். பிறகுதான் மற்றவற்றைப் பார்ப்போம். சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று எங்கள் கோயிலில் பேச வருகிறவர்கள் சொல்வார்கள். அதற்கு அர்த்தம் எனக்கு அந்த ரூமில்தான் புரிந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தேவதானப்பட்டிக்கு மேலே மலைச்சரிவில் தோட்டம் வைத்திருந்த ஒரு விவசாயி இருந்தார். நாங்கள் மலைத்தோட்டத்து அண்ணன் என்போம். அவர்கள் பக்கம் மலைவாழை. பழம் சின்னதுதான், வீட்டில் ஒன்று பழுத்தால் தெருவுக்கே வாசம் போகும். முடிக்கொத்து நோய் வந்து அவர் தோட்டமும் பக்கத்துத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகப் போயின. பாறை ஓரமாக ஒரே ஒரு குத்து மட்டும் நோய் அண்டாமல் நின்றது. அதிலிருந்து ஒரு பக்கக்கன்றை எடுத்து வந்து எங்களிடம் தந்தார். அதற்குப் பிறகு காட்டுமாடு இறங்கி அந்தத் தாய்க்குத்தையும் மிதித்துப் போட்டுவிட்டது. ஆக, அந்த வாழையில் உயிரோடு மிச்சம் இருந்தது எங்கள் பாட்டில்களுக்குள் இருந்தது மட்டும்தான். அதை நம்பி அவரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் நிலத்தைக் கொத்திப் போட்டுக் காத்திருந்தார்கள்.

தேனிக்கு வரும்போதெல்லாம் லேப்புக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்.

"எம் புள்ளைக எப்படியாத்தா இருக்குதுக? ஊறுகா மாதிரி அடைச்சு வச்சிருக்கீகளே, மூச்சு முட்டாதா?"

"முட்டாதுண்ணே. உங்க அளவுக்கு அதுக பேசுறதில்ல, அதனால காத்து ரொம்ப வேணாம்."

"அது சரி. வாயாடிக கையிலதான் என் வாழை மாட்டிருக்கு" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லேப் முழுக்கக் கழுவி, மெசினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்தோம். டி.என்.ஏ. ரூமை மட்டும் விடுவதா என்று எல்லோருக்கும் மனசு கேட்கவில்லை. சோறு போடுகிற மெசின் அல்லவா! சந்தையில் வாங்கி வந்த வாழைக்கன்றுகளில் இரண்டை ரூம் வாசலில் இரண்டு பக்கமும் கட்டினோம். அதிலேயே ஒரு இலை நறுக்கி, உள்ளே இலை அரைக்கிற மேசையில் விரித்துப் பொரி, கடலை, பழம் வைத்தோம். மேடமும் எங்களோடுதான் நின்றாள். சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் பொட்டு விட்டுப்போச்சுக்கா" என்று எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

யோசித்துப் பாருங்கள். தலையில் இருக்கிற பூவைத் தினமும் வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு ஒரு முழு வாழையையே கொண்டுபோய் வாசலில் கட்டினோம். எங்கள் ஒருவர் கண்ணுக்கும் அது வாழையாகத் தெரியவில்லை, சாமியாகத்தான் தெரிந்தது.

லீவு முடிந்து முதலில் பார்த்தது மலைத்தோட்டத்து அண்ணனின் பாட்டில்களைத்தான். மழை இறங்கிவிட்டது, அதற்கு மேல் தள்ள முடியாது. சேதி கேட்க அவரும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் படம் வந்தது. அவருடைய டியூப் அத்தனையிலும் கோடு. பளிச்சென்று.

மேனேஜர் பின்னாலேயே நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நோய்ப் பாட்டில் வெளியே போனால் எத்தனை ஊர் கெடும் என்று அவருக்குத்தான் பொறுப்பு. "போச்சு. எல்லாத்தையும் குக்கர்ல ஏத்திருங்க. இன்னைக்கே. அந்த ஆளுகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். பாட்டிலோடு அவித்துக் கொட்டுகிற பெரிய குக்கரைச் சொன்னார். "ஆத்தா, கௌமாரி!" என்று எங்கள் அம்மன் பேர்தான் எனக்கு வாயில் வந்தது.

மேடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எப்போதும் கேட்பதை அன்றைக்கு என்னிடம் கேட்கவும் இல்லை. படத்தின் ஓரத்துக்கு விரலைக் கொண்டுபோனாள். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இருந்தது. மங்கலாக, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு.

"சார், சும்மா பேசிருச்சு."

"அது லேசாத்தானம்மா இருக்கு. அவரோடது எம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கு, பாரு."

"லேசாப் பேசுனாலும் பேச்சுத்தான சார்? சும்மா பேசுன அன்னைக்கு வேற யாரு பேசுனதையும் நம்ப முடியாது. இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"நெசமாவே நோய் இருந்து, உள்ள பரவிருச்சுன்னா?"

"அவரு பாட்டில் இருக்கிற ரேக்க மட்டும் தனி ரூம்புல வச்சுப் பூட்டுங்க சார். சாவிய நீங்களே வச்சுக்கங்க. ஆனா அவிச்சிறாதீக. அவிச்சா அந்த வாழை மறுபடி வராது."

மேனேஜர் தனி ரூம் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, வெளிய இருக்காரே, அவருகிட்ட என்னா சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன்" என்று எழுந்து போனாள். நானும் கூடப் போனேன். அண்ணன் எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

"என்னாத்தா? நோவு இருக்கா, இல்லையா?"

"தெரியலங்கண்ணே."

"அதென்ன தெரியல? இம்புட்டு மெசின வச்சுக்கிட்டு ரெண்டுல ஒண்ணு சொல்லத் தெரியாதா?"

"கோடு விழுந்துருக்கு. ஆனா அது உங்க வாழையில இருந்து வந்துச்சா, எங்க கையில இருந்து வந்துச்சான்னு எங்களுக்கே தெரியலண்ணே. தெரிஞ்சதுக்கப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு பாட்டிலக்கூடத் தொட விடமாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. "படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? மழை போயிக்கிட்டு இருக்கு!" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். அவள் அங்கேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது. கவனியுங்கள், 'நோய் இருக்கு' என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. 'இல்லை' என்று சொல்லியிருந்தால் மனுஷன் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். இரண்டும் சுலபம். முகத்துக்கு நேராகத் தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு காரணம் தேடினோம். தண்ணீரை மாற்றினோம். புது மருந்து பிரித்தோம். கிண்ணமெல்லாம் புதிது. அப்படியும் சும்மா சும்மா இருக்கவில்லை. என்னைக் கேட்டால் சாமி குற்றம் ஏதாவது இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது, மறைக்கவில்லை.

ஒரு காலை ரூமுக்குள் நுழைகிறபோது, வாசலில் வாடிக்கிடந்த பூஜை வாழையின் இலை அவள் கோட்டுக் கையில் உரசியது. நாங்கள் எல்லோரும் தினமும் உரசிக்கொண்டுதான் போனோம். பூஜைக்குக் கட்டியதைத் தானாகக் காய்ந்து விழுகிறவரை யாரும் அவிழ்ப்பதில்லை அல்லவா? அவள் நின்றாள். இலைக்காம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். காம்பில் கரும்பச்சையாகக் கோடுகள், மை தீர்ந்த பேனாவில் எழுதியதுபோல விட்டு விட்டு. மேலே குருத்து விரியாமல் கொத்தாக நின்றது. முடிக்கொத்து. காய்க்கிற நல்ல கன்றை யார் வெட்டிச் சந்தையில் பூஜைக்கு விற்பார்கள்? தேறாது என்று கழித்துப் போட்டதைத்தான் விற்றிருக்கிறார்கள். அதன் இலையைத்தான் உள்ளே மேசையில் நறுக்கி விரித்திருந்தோம். அண்ணன் வாழையின் இலைகளும் அந்த மேசையில்தான் கிடந்தன, அதனால்தான் அவற்றில் கோடு பளிச்சென்றும், கிண்ணத்தில் மட்டும் இருந்த தண்ணீரில் மங்கலாகவும் விழுந்தது. வாழைக்கறை சேலையில் பட்டால் போகாது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மேசையில் பட்டது தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று எப்படி நினைத்தோம்!

அவள் இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். வராந்தாவில் மற்றப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. நம் பூஜை வாழையை எடுக்கச் சொல்லும் வார்த்தை அந்தப் பெண் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் ஊர் அதற்குக் கையும் காலும் வைத்துவிடும்.

"நீ உள்ள போ பாப்பா. இத நான் பாத்துக்கிறேன்."

"அக்கா, நான் சொல்லித்தான் நீங்க செஞ்சதா பேசுவாகளே..."

"நீ எங்கடி சொன்ன? வாயவே தொறக்கலையே. போ உள்ள."

நான் அரிவாளை எடுத்ததும் பாட்டில் ரூம் பெண் ஒருத்தி பதறினாள். "ஐயையோ அக்கா, சாமிக்குக் கட்டுனதுல போயி அருவாள வைக்கிறீகளே!"

"சாமிக்குக் கட்டுனதுன்னாலதான் சாமியக் கேட்டுட்டு அவுக்கிறேன். நீ கொஞ்சம் சும்மா இரு" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டேன். 'ஆத்தா, உனக்கென்று கட்டியதை அந்த மலைத்தோட்டத்துக்காரன் பிள்ளைகளுக்காக எடுக்கிறேன். தப்பாக இருந்தால் அது என்னோடு இருக்கட்டும்' என்று மனசுக்குள் சொன்னேன். ஒரு துண்டு இலையைச் சோதனைக்காகக் கவரில் போட்டு ஒட்டினேன். மிச்சத்தைச் சாக்கில் கட்டி, பாய்லருக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்தோம். சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, என் மனசு அப்போது பாரமாகவே இல்லை. இதில் பிடுங்கியவர் யார், எறிந்தவர் யார் என்று இப்போது தெரிகிறதா?

அப்புறம் ரூமையே ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்தோம். மேசையை மாற்றினோம், கோட்டெல்லாம் வெளுத்தோம். பூட்டிய ரேக்கிலிருந்து புதிதாக இலை எடுத்தோம். பூஜை வாழையின் துண்டை வேறு இடத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியாக அரைத்தோம். மெசின் ஓடி முடிகிறவரை நான் வெளியே உட்கார்ந்து அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அவளும் அவள் சாமியிடம்தான் கேட்டிருப்பாள்.

படம் வந்தது.

"அக்கா, சும்மா சும்மா இருக்கா?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த இடம் கருப்பாக இருந்தது. துளிக் கோடு இல்லை. "சும்மாத்தான் இருக்கு பாப்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் மற்றவற்றைப் பார்த்தோம். மலைத்தோட்டத்து வாழை ஒன்றில்கூடக் கோடு இல்லை. பூஜை வாழை மட்டும் கார்த்திகை விளக்கு மாதிரி எரிந்தது. நம்பாமல் இன்னொரு தடவையும் ஓட்டினாள். அதே படம்தான். மேனேஜர் பார்த்துவிட்டு, "அன்னைக்கே நான் குக்கர்ல..." என்று ஆரம்பித்தார். சாவியை எடுத்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொன்னோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"இல்லங்கண்ணே. உங்க வாழையில நோய் இல்ல" என்றாள் மேடம்.

அவர் உடனே சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நான் சும்மா இருக்காமல், "என்னண்ணே, இப்பவாச்சும் நம்புறீகளா?" என்று கிண்டினேன்.

"நம்பாம? அன்னைக்குத் தெரியலன்னு சொன்ன புள்ளையில்ல ஆத்தா இது? தெரியாதத தெரியலன்னு சொன்ன வாயி, இன்னைக்கு இல்லைன்னு சொன்னா அது இல்லைதான்" என்றார்.

தங்கச்சிகளே, தம்பிகளே, நம் வேலைக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை நான் பார்த்ததில்லை. இருக்கா இல்லையா என்று நெருக்குகிறவர்கள் உங்கள் முன்னாலும் வந்து நிற்பார்கள். மேலே இருப்பவர் நெருக்குவார், வெளியே காத்திருப்பவர் நெருக்குவார், உங்கள் இரக்கமே உங்களை நெருக்கும். முதலில் சும்மாவைப் பாருங்கள். அது பேசியிருந்தால், உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, நாங்களே வளர்த்த வாழையை மெயின் கேட்டில் கட்டினோம். "டெஸ்ட் பண்ணுனதுதான இது?" என்று மேனேஜர் கேட்டார். "என்ன சார், சாமிக்குக் கட்டுறதுக்குமா டெஸ்டு?" என்று ஒருத்தி சிரித்தாள். "சாமிக்குக் கட்டுறதுக்குத்தாண்டி முதல்ல டெஸ்டு" என்றேன். டி.என்.ஏ. ரூமுக்குக் கதவின் வெளிப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு மட்டும். வைத்தது நான். கிண்ணம் பிடித்தது அவள்.

அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும். எடுத்ததும் "சும்மா இருக்கீகளாக்கா?" என்றுதான் கேட்பாள். மலைவாழை மறுபடி சரிவெல்லாம் நிற்கிறது. வருஷம் ஒரு தடவை அண்ணன் ஒரு தார் கொண்டுவந்து என் வீட்டில் இறக்குவார். முதல் சீப்பு அம்மனுக்கு.

இதை நீங்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். மேடம் பிடுங்கி எறிந்தாள் என்று சொல்லாதீர்கள், அவிழ்த்தது நான். நான் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லாதீர்கள், கண்டது அவள். சாமி கோபித்தது என்று சொல்லாதீர்கள், சாமி யார்மேலும் கோபிக்கவில்லை. ஒரு பாட்டிலிலிருந்து அடுத்த பாட்டிலுக்கு மாற்றுகிறபோது தாய் எப்படியோ அப்படியே பிள்ளையும் வர வேண்டும் என்று எவ்வளவு பக்குவமாக மாற்றுகிறோம், அந்தப் பக்குவத்தோடு இதையும் கை மாற்றுங்கள். நடுவில் சுவைக்காக ஏதாவது சேர்க்கலாமே என்று தோன்றினால், ஒரு நிமிஷம் அந்தத் தண்ணீர் டியூப்பை நினைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.